ஒண்ணேகால் இஞ்ச் தண்ணி

எங்க ஊருக்கு நீங்க வழி கேட்டீங்கன்னா, பக்கத்து ஊர்க்காரங்க "ஒண்ணேகால் இஞ்ச் தண்ணிய மூடுன ஊருங்களா, அப்படியே நேராப் போங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கை காட்டுவாங்க, சிரிக்கட்டும், சிரிக்கறதுக்கு அவியளுக்கும் ஒரு காரணம் வேணுமில்லீங்களா, ஆனா அந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு, யாரு மூடுனா, எதுக்கு மூடுனாங்கன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாங்க, ஏன்னா அந்தத் தண்ணிய மொதமொதல்ல பாத்தது இந்தச் சாந்தாமணியோட ரெண்டு கண்ணுதான். அதனால நான் சொல்றதை நான் சொல்றபடியே கேளுங்க, நடுவுல குறுக்க பேசாதீங்க.

திருச்செங்கோட்டுல இருந்து எட்டு மைல் தள்ளி இருக்குது கரட்டுமேடு. எங்க பக்கத்து ஆம்பளைங்களுக்கு ரெண்டே வேலைதான், ஒண்ணு ரிக் வண்டில போயி போர் போடறது, இன்னொண்ணு ரிக் வண்டில போயிட்டு வந்த கதையைப் பேசறது. ராஜஸ்தான் மணல்ல போட்டாச்சு, சத்தீஸ்கர் காட்டுல போட்டாச்சு, ஊரு பேரு வாயில நுழையாத எடத்துல எல்லாம் ராடு எறக்கித் தண்ணி எடுத்துக் குடுத்தாச்சு, ஆனா சொந்த ஊருல ஆயிரத்தி எரநூறு அடி ஓட்டுனாலும் புழுதிதான் பறக்கும், ஒம்பது நாளைக்கு ஒருக்கா லாரி வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. ஊரூராப் போயித் தண்ணி குடுக்கறவன் ஊட்டுல குண்டா காலியா இருக்கறதுன்னா நாங்கதான்.

ஊரு கடைசில ஒரு டிரஸ்ட்டு நடத்தற மறுவாழ்வு இல்லம் இருக்குது, வேலை செய்யற எடத்துல அடிபட்டவங்க உடம்பு தேறி எந்திரிக்கற வரைக்கும் தங்கற எடம். அன்னைக்கு இருபத்திரெண்டு பேரு இருந்தாங்க, ராடுக்கு நடுவுல விரலைக் குடுத்தவங்க, கம்ப்ரசர் குழாய் வெடிச்சு மூஞ்சி போனவங்க, வண்டி மேல இருந்து விழுந்து முதுகுல கம்பி வெச்சவங்க, எல்லாரும் ரிக்குக்காரங்க. வாரத்துல ஒரு நாள், வெசாழக்கிழமை, பல்லு டாக்டரு வருவாங்க, நிலோபர்னு பேரு, வாணியம்பாடிப் பொண்ணு, சின்ன வயசுதான் ஆனா பிடிவாதம் பெருசு. அவங்களுக்குக் கூடமாட இருக்கறது நான். வாயில இருந்து எச்சிலை உறிஞ்சற குழாயைப் புடிக்கறதும் நான்தான், சாமானத்தை வேக வெச்சு எடுக்கறதும் நான்தான். வலது கை போனவனுக்கு இடது கைல பிரஷ்ஷு நிக்காதுங்க, வழுக்கிக்கிட்டே போகும், அதுக்காகப் பழைய சைக்கிள் டியூப்பை நீளமா வெட்டி பிரஷ்ஷுக் காம்புல மொத்தமா சுத்திக் குடுத்தேன், நச்சுனு கைக்குள்ள நின்னுக்கும். அது என்ற சொந்தக் கண்டுபிடிப்பு, டாக்டரம்மா போட்டோப் புடிச்சு ஏதோ மீட்டிங்கில எல்லாம் காட்டுனாங்க.

ஆனா பிரஷ்ஷு குடுத்தா மட்டும் ஆயிருமா. பாதிப் பேரு அதைத் தலைமாட்டுல வெச்சது வெச்சபடியே இருக்கும். எனக்குக் கோவம் வரும், "கொழந்தைங்களா நீங்க, பல்லு வெளக்கறதுக்கு ஒருத்தரு பின்னாடியே வரணுமா"ன்னு கத்துவேன். ஒரு நாள் டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சாந்தாக்கா, இது சோம்பேறித்தனம் இல்ல. கை போயிட்டா கையோட முடியுறது இல்ல, மனசும் படுத்துடுது. மனசு படுத்துட்டா மனுஷன் மொதல்ல விடுறது பல்லு விளக்குறதைத்தான்"னு சொல்லிட்டு, ஒம்பது கேள்வி அச்சடிச்ச ஒரு தாளைக் குடுத்தாங்க. மனசு எத்தனை கனமா இருக்குதுன்னு அளக்கற தாளு அது, ஒவ்வொரு கேள்விக்கும் சைபர்ல இருந்து மூணு வரைக்கும் மார்க்கு, மொத்தம் இருபத்தியேழு, கூடக்கூட மனசு மோசம்னு அர்த்தம். வாராவாரம் அதைக் கேட்டு எழுத வேண்டியதும் என்ற வேலை ஆயிப்போச்சு. டாக்டரம்மா சொன்னது வாஸ்தவம்தான், எவனுக்கு மார்க்கு ஏறுதோ அவன் பல்லுதான் சொத்தையாகும், அவன் ஈறுதான் வீங்கும், நான் தாளைப் பாக்காம வாயை மட்டும் பாத்தே மார்க்கு சொல்ற அளவுக்குத் தேறிட்டேன்.

அர்த்தநாரி எங்ககிட்ட வந்தது மாசி மாசம். முப்பத்தஞ்சு வயசு, டிரில்லரு, முன்னூத்திப் பன்னண்டு போரு போட்டவன். தண்ணி மேல வந்ததும் டிரில்லருதான் மொதல்ல வலது கைல ஏந்திக் குடிச்சுப் பாத்து நல்ல தண்ணியா உப்பான்னு சொல்லோணும், அவன் சொன்ன பொறகுதான் நெலத்துக்காரன் குடிப்பான், அது ரிக்குக்காரங்க மொறை. அந்த வலது கைதான் ராடு மாட்டறப்ப நசுங்கி, கட்டை விரலைத் தவிர நாலும் போயிருச்சு. அதுக்கப்பறம் அவன் பேசறதை நிறுத்திட்டான், சோறு பாதி, தூக்கம் பாதி, பல்லு வெளக்கறது அறவே இல்லை, மாத்திரை வேற வாயை வறட்டி வெச்சிருச்சு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். அவன் பொண்டாட்டி துளசிமணி ராசிபுரத்துல மில்லு வேலைக்குப் போயிக்கிட்டு ஞாயித்துக்கிழமை தவறாம மகளைக் கூட்டிக்கிட்டு வரும், பக்கத்துல உக்காந்து வாரம் பூரா நடந்ததைச் சொல்லும், அவன் செவுத்தைப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பான்.

சித்திரை மாசம் ரெண்டாவது வெசாழக்கிழமை, அவனை நாற்காலில சாய்ச்சு டாக்டரம்மா வாயைத் தொறக்கச் சொன்னாங்க. கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின கடவாப்பல்லு, நடுவுல மொளகு போற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள இருந்து தண்ணி ஊறிக்கிட்டிருந்துச்சு.

"சாந்தாக்கா, சக்ஷன்"னாங்க டாக்டரம்மா. குழாயை வெச்சேன். பாட்டிலு நெறஞ்சுச்சு, கொட்டிட்டு வந்து வெச்சேன், மறுபடி நெறஞ்சுச்சு, பக்கெட்டுக் கொண்டாந்தேன், பக்கெட்டும் நெறஞ்சுச்சு. டாக்டரம்மா ஒரு டம்ளர்ல புடிச்சு வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டு, "எச்சில் இல்ல, சுத்தமா இருக்கு, ஐஸ் மாதிரி சில்லுனு இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னாங்க, ஏன்னா வெளிய பதினோரு பேரு காத்திருந்தாங்க. சேதி கட்டிலு கட்டிலாப் போச்சு. வேற ஊரா இருந்தா ஐயோ அப்பான்னு ஓடியிருப்பாங்க, இவியளெல்லாம் ரிக்குக்காரங்க, ஒருத்தராச்சும் எப்படி வந்துச்சுன்னு கேக்கோணுமே, கேட்டதெல்லாம் "எத்தனை இஞ்ச்?" அவ்வளவுதான், போருத் தண்ணிய அவங்க இஞ்ச் கணக்குலதான் அளப்பாங்க. ஒத்தைக் காலோட இருந்த பழைய ரிக்கு மேனேஜரு சென்னியப்பண்ணன் ஊன்றுகோலைத் தட்டிக்கிட்டு வந்து, ஒரு துண்டுக் குழாயை அவன் வாயோரத்துல வெச்சு, தண்ணி விழற வேகத்தைப் பாத்து, ஒரு வாய் குடிச்சும் பாத்துட்டு, "முக்கால் இஞ்ச். நல்ல தண்ணி. ஓட்ட ஓட்ட ஏறும்"னு தீர்ப்புச் சொன்னாரு.

ஊருக்குள்ள மொதல்ல மூக்கைச் சுளிச்சாங்க. "ஆயிரம் இருந்தாலும் அது எச்சித் தண்ணி, அதுல எப்படிப் பருப்பு வேக வெக்கறது"ன்னு பாவாயக்கா நடுத்தெருவுல நின்னு கேட்டுச்சு. பாவாயக்கா யாருன்னா, ரெண்டு ஆட்டையும் ஒரு நாக்கையும் வெச்சுக்கிட்டு ஊரையே ஆட்டி வெக்கற பொம்பளை, தண்ணி வரிசைல அது நிக்கற எடந்தான் மொதல் எடம். அது சொன்னதுக்கு எல்லாரும் தலையாட்டுனாங்க, நாலு நாள் ஆட்டுனாங்க. அஞ்சாம் நாள் வரவேண்டிய லாரி வரலை, ஆறாம் நாளும் வரலை, ஏழாம் நாள் காலைல நான் இல்லத்துக் கதவைத் தொறக்கறேன், பாவாயக்கா ரெண்டு கொடத்தோட நிக்குது, பின்னாடி ஊரே நிக்குது, எச்சிலைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்கலை.

அதுக்கப்பறம் அது ஒரு நடைமுறை ஆயிப்போச்சு. காலைல ஆறு மணிக்கு அர்த்தநாரிய இல்லத்துக்கு முன்னால தகரக் கூரைக்கடியில ஒயர் நாற்காலில உக்கார வெச்சு, கழுத்துக்குத் தலகாணி குடுத்து, வாயோரத்துல நான் குழாயை மாட்டுனேன்னா, தண்ணி நேரா சிண்டெக்ஸ் தொட்டிக்குப் போகும், தொட்டில பஞ்சாயத்துல இருந்து மூணு பைப்பு வெச்சுக் குடுத்தாங்க, பத்து மணிக்குக் குழாயை எடுத்துட்டா அவன் வாயை மூடிக்குவான், தண்ணியும் நின்னுக்கும். டாக்டரம்மா பரிசோதனைக்கு அனுப்பிச்சு குடிக்கலாம்னு சீட்டு வாங்கி ஒட்டுனாங்க. தண்ணியில்லைன்னு தை மாசத்துல இருந்து தள்ளிப் போட்ட ரெண்டு கல்யாணம் நடந்துச்சு, பள்ளிக்கூடத்துல கக்கூஸைத் தொறந்து விட்டாங்க, டவுன் பஸ் டிரைவரு வண்டியை நிறுத்தி கேனுல புடிச்சுக்கிட்டுப் போனாரு, முருங்கை மரமெல்லாம் பூ வெச்சுச்சு. பொண்ணு பாக்க வந்த ஒறம்பரைங்க "உங்க ஊருல தண்ணி எப்படி"ன்னு கேட்டா, "ஒரு டிரில்லரு இருக்கறாருங்க, அவரு குடுக்கறாரு"ன்னு சாதாரணமாச் சொல்லி அடுத்த பேச்சுக்குப் போயிருவாங்க.

அர்த்தநாரியும் ரெண்டரை மாசம் கழிச்சு மொதல் வார்த்தை பேசுனான். குழாயை எடுத்ததும் என்னைப் பாத்து, "எத்தனை கொடம்?"னான். "முன்னூத்தி நாப்பது"ன்னேன். "முன்னூத்திப் பதிமூணாவது போரு இது, நான் போட்டதுலயே இதுதானுங்க்கா நின்னு குடுக்கறது"ன்னு சொல்லிட்டுப் போயி செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டான். கொடக் கணக்குக் கேக்கற அந்த ஒரு நிமிசம் மட்டும் கண்ணுல ஒரு வெளிச்சம் வரும், மத்த நேரமெல்லாம் அதே இருட்டுத்தான்.

இனிமே நான் சொல்றது எனக்கே வெக்கக்கேடு, இருந்தாலும் சொல்லித்தான் ஆகோணும். ஞாயித்துக்கிழமை துளசிமணி மகளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டுப் போனா, திங்கக்கிழமை தண்ணி நூலாட்ட ஒழுகும். ஒருக்கா அந்தப் புள்ள அவன் மடியில ஏறி உக்காந்து, இல்லாத விரலை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணப் போயி அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு, அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து ஒன்றரை நாள் பொட்டுத் தண்ணியில்லை. நான் தாளை எடுத்துப் பாக்கறேன், மார்க்கு எறங்குன வாரமெல்லாம் தண்ணியும் எறங்கியிருக்குது, பதினெட்டுக்கு முக்கால் இஞ்ச், இருபதுக்கு ஒரு இஞ்ச், இருபத்திமூணுக்கும் அதுக்கு மேலயும் ஒண்ணேகால். கண்டுபிடிச்சவ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல, வரிசைல நின்ன பாவாயக்காகிட்டச் சொல்லிட்டேன். பாவாயக்காகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்னாப்பல.

அவ்வளவுதான், அடுத்த நாள்ல இருந்து கொடத்தை வெச்சதும் "சாந்தா, இந்த வாரம் மார்க்கு எத்தனை?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. "இருபத்தொண்ணு"ன்னா, "பரவால்லை"ம்பாங்க. "பதினேழு"ன்னா முகம் சுண்டிப் போகும். யாரும் கெட்டவங்க இல்லைங்க, யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசலை, ஆனா அவன் பக்கத்துல யாரும் சிரிச்சுப் பேசறதில்லை, ரேடியோவை மெதுவா அக்கட்டால கொண்டு போயி வெச்சாங்க, அவனுக்குப் புடிச்ச கம்மங்கூழைச் செஞ்சு கொண்டாந்த ஒரு பொண்ணை வழியிலயே மடக்கித் திருப்பித் தாட்டி விட்டாங்க. நானும் சைக்கிள் டியூப்பு சுத்தின அவனோட பிரஷ்ஷை எடுத்து அலமாரில வெச்சேன். எதுக்கு அவனைத் தொந்தரவு பண்ணோணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

எல்லாத்துக்கும் மேல, அவனே புரிஞ்சுக்கிட்டான். துளசிமணிக்குப் போன் போடச் சொல்லி என்ற கையால போனைக் காதுல வெக்கச் சொல்லி, "இனிமே ஞாயித்துக்கிழமை வராதீங்க. ஊருக்குத் தண்ணி கொறையுது"ன்னான். நான்தான் போனை அணைச்சேன்.

வைகாசி கடைசில டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க. அப்பறம் அவன் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு, "அர்த்தநாரி, பல்லு வேரைத் தாண்டி தாடை எலும்புக்குச் சீழ் எறங்குது. இன்னும் பத்துப் பன்னண்டு நாள் விட்டா ரத்தத்துல கலந்துடும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஓட்டையைச் சுத்தம் பண்ணி அடைச்சுடலாம்"னு சொன்னாங்க.

"அடைச்சாத் தண்ணி நின்னுருமில்லீங்க டாக்டரு?"

"நின்னுடும்."

"அப்ப வேண்டாங்க."

"செத்துப் போயிடுவே."

"கையில்லாம உக்காந்து தின்னுட்டு இருக்கறதுக்கு, இது தேவலைங்க"ன்னான். சென்னியப்பண்ணன்ல இருந்து எல்லா ரிக்குக்காரங்களும் அவன் பக்கம்தான் நின்னாங்க, குடுக்கற போரை மூடறது அவங்க தொழில்ல மகா பாவம், ரிக்கு ஓட்டுன எவனும் அந்தப் பாவத்துக்குக் கை வெக்க மாட்டான், பல்லுல வந்தா என்ன பாறைல வந்தா என்ன, தண்ணி தண்ணிதானேன்னாங்க. அதுதான் அவங்க பண்ணுன தப்பு, அந்த ஓட்டையைப் போருன்னு நெனச்சாங்களே தவிர, ஒரு ஆளோட வாயின்னு நெனைக்கலை. டாக்டரம்மா அவன் சம்மதம் இல்லாமத் தொட முடியாதுன்னு சொல்லிட்டு, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுத் தொடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டாங்க.

மறுநா வெள்ளிக்கிழமை காலைல வரிசைல நின்னாங்க பொம்பளைங்க. நடுவுல முக்காடு போட்டுக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் கொடத்தோட துளசிமணி நின்னுச்சு, மூணு வாரத்துக்கு முந்தி வரவேண்டாம்னு சொன்ன புருசனை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு மில்லுக்கு லீவு போட்டுட்டு வந்திருக்குது, யாருக்கும் அடையாளம் தெரியலை. பாவாயக்கா வழக்கம்போல "மார்க்கு எத்தனை சாந்தா?"ன்னுச்சு. "இருபத்தஞ்சு"ன்னேன். வரிசை பூரா ஒரு சந்தோசம் போச்சு, "அப்ப ஆடி வரைக்கும் கவலையில்லை"ன்னு யாரோ சொன்னாங்க.

"என்ன மார்க்குங்க அது?"ன்னு துளசிமணி முக்காட்டை எடுத்துட்டுக் கேட்டுச்சு.

தப்பிச்சுப் போக வழியில்லை. தாளைக் குடுத்தேன். அது நின்ன எடத்துலயே ஒரு வரி விடாமப் படிச்சுச்சு. படிச்சுட்டு என்னைத் திட்டலை, ஊரைத் திட்டலை, நேரா பாவாயக்கா முன்னால போயி நின்னு, "அக்கா, நான் கேக்கறதுக்குச் சொல்லுங்க. போன ரெண்டு வாரத்துல எதுலயும் நாட்டமில்லாம இருந்துச்சுங்களா?"ன்னுச்சு. துளசிமணி அடுத்த பொம்பளைகிட்டப் போயி, "உங்களுக்குங்க, மனசு கனத்துக் கெடந்துச்சுங்களா?" அதுக்கடுத்து, "நீங்க தூங்கறீங்களாங்க?" அதுக்கடுத்து, "உங்களுக்குப் பசிக்குதுங்களா?" அதுக்கடுத்து, "உங்களை உங்களுக்கே புடிக்காமப் போச்சுங்களா?" இப்படியே வரிசைல எட்டுப் பேருகிட்ட எட்டுக் கேள்வி கேட்டுச்சு. ஒம்பதாவதா நின்னது போன மாசம் கல்யாணம் ஆன புதுப்பொண்ணு. அதுகிட்ட மட்டும் துளசிமணிக்குக் கொரலு எறங்கிப் போச்சு. "செத்துட்டாத் தேவலைன்னு தோணுச்சாம்மா உனக்கு?"ன்னுச்சு. அந்தப் புள்ள இல்லைன்னு தலையாட்டுச்சு.

"என்ற ஊட்டுக்காரருக்கு தெனமும் தோணுதாம். இதுல மூணு போட்டிருக்குது. அந்த மூணைத்தான் நீங்க கொடத்துல புடிச்சுக்கிட்டுப் போறீங்க"ன்னு சொல்லிட்டு தாளை என்ற கைல குடுத்துட்டு, அதோட காலிக் கொடத்தை எடுத்துக்கிட்டு நடந்துச்சு. கொடத்தைக் கீழ வெக்கக்கூட மறந்துட்டாப்பல இருக்குது, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் இடுப்புல வெச்சுக்கிட்டே போச்சு.

பாவாயக்கா அதோட ரெண்டு கொடத்தையும் எடுத்துத் தொட்டிக்குள்ளயே திருப்பி ஊத்துச்சு. எனக்குப் பொறகு நெனச்சுப் பாத்தாலும் ஆச்சரியமா இருக்கும், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை, பஞ்சாயத்துக் கூடலை, தண்டோராப் போடலை, மறுநா காலைல ஆறு மணிக்கு நான் அர்த்தநாரிய உக்கார வெச்சுக் குழாயை மாட்டிட்டுத் திரும்பிப் பாக்கறேன், தெருவுல ஒரு சொம்பு கூட இல்லை. பள்ளிக்கூடத்துல கக்கூஸைப் பூட்டிட்டாங்க. பஸ் டிரைவரு ஹாரனடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டாரு. தொட்டி நெறஞ்சு வழிஞ்சு சாக்கடைல போச்சு, நாலு நாளு போச்சு, ஊருல குடிக்கத் தண்ணியில்லாம எளநீ வாங்கிக் கொழந்தைங்களுக்குக் குடுத்தாங்க, ஆடு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சுச்சு, அப்பவும் ஒருத்தரும் கொடத்தைத் தூக்கிக்கிட்டு வரலை. எங்க ஊரைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க, அந்த நாலு நாளைப் பத்திச் சொல்றப்ப மட்டும் மரியாதையாப் பேசோணும்.

அஞ்சாம் நாளு அர்த்தநாரி குழாயைத் தானே புடுங்கிப் போட்டான். தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்துச்சு, காச்சல் அனலாக் கொதிச்சுச்சு. "ஏனுங்க்கா யாரும் வர்றதில்லை, என்ற தண்ணி உப்பாயிருச்சுங்களா?"ன்னான். நான் ஓடிப் போயி பாவாயக்காவைக் கூட்டிக்கிட்டு வந்தேன், கூடவே ஒரு முப்பது பொம்பளைங்க, எல்லாரும் வெறுங்கையோட வந்தாங்க.

"உப்பில்லை தம்பி, இன்னமும் இனிக்குதாம்"ன்னுச்சு பாவாயக்கா. "எங்களுக்குத்தான் வேண்டாம்."

"தண்ணி வேண்டாம்னு சொல்ற ஊரு எங்கீங்க இருக்குது?"

"இங்கதான் இருக்குது. நல்லாப் பாத்துக்க."

அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "அக்கா, கைய விட்டுட்டு வந்தவன் நானு. இதையும் விட்டுட்டா எனக்கு என்னுங்க இருக்குது? நான் எதுக்கு ஆவேன்?"

பாவாயக்காவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதுங்க, பொறந்ததுல இருந்தே தெரியாது. "எதுக்கு ஆவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானே எதுக்கு ஆவேன்னு எனக்குத் தெரியலை, அம்பத்தெட்டு வருசமா இருந்துக்கிட்டுத்தான் இருக்கறேன். நீயும் இரு"ன்னுச்சு.

"குடுக்கற போரை மூடுனாப் பாவமுங்க்கா. நான் மூட மாட்டேன்."

"உன்னை யாரு மூடச் சொன்னா? போருக்கு மூடி போடறது நெலத்துக்காரன் வேலை, ரிக்குக்காரனுக்கு அதுல என்ன சோலி? இத்தனை நாளாக் குடிச்சவங்க நாங்க. நாங்க மூடறோம். பாவம் வந்தா எங்களுக்கு வரட்டும், முப்பது பேரு பங்கு போட்டுக்கறோம்."

அவன் சென்னியப்பண்ணனைப் பாத்தான். சென்னியப்பண்ணன் ஊன்றுகோலை எடுத்துக் கக்கத்துல சொருகிக்கிட்டாரு. "மொறைதான். மூடி நெலத்துக்காரனோடது"ன்னாரு. அப்பறம் அர்த்தநாரி தலையை ஆட்டுனான், லேசாத்தான் ஆட்டுனான், டாக்டரம்மாவுக்குப் போன் போட அது போதுமானதா இருந்துச்சு, அன்னைக்குப் புதன்கிழமை, அவங்க நாளே இல்லை, இருந்தாலும் மதியத்துக்குள்ள காரு புடிச்சு வந்து சேந்துட்டாங்க.

வந்தவங்க மொதல்ல காச்சலுக்கு ஊசி போட்டு, சீழை வடிச்சு, பல்லைக் கொடைஞ்சு வேரைச் சுத்தம் பண்ணுனாங்க, ரெண்டு மணி நேரம் ஆச்சு, தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு, எறைக்க எறைக்க வந்துச்சு, நான் ஒம்பது பக்கெட்டு எடுத்து ஊத்துனேன். அடைக்கறதுக்கு நான் கண்ணாடித் தட்டுல சிமெண்டைக் கலக்குனப்ப பாவாயக்கா வந்து, "கொண்டா"ன்னுச்சு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வெச்சு ஒறை மாட்டி விட்டேன். அது கரண்டியைத் தொட்டு ஒரு கலக்குக் கலக்குச்சு, அடுத்த பொம்பளை ஒரு கலக்கு, அதுக்கடுத்து புதுப்பொண்ணு ஒரு கலக்கு. அதுக்குள்ள சிமெண்டு எறுகிப் போச்சு, டாக்டரம்மா "இப்படி முப்பது பேரு கலக்குனா எப்படி"ன்னு சலிச்சுக்கிட்டாலும் மறுபடி மறுபடி கலக்க விட்டாங்க, பத்துத் தடவை வீணாப் போச்சு. கடைசித் தடவை கலக்குனது துளசிமணி. நான் போன்ல சொன்ன சேதி கேட்டு, ராசிபுரத்துல இருந்து அப்பத்தான் பஸ்ஸை விட்டு எறங்கி மூச்சு வாங்க வந்திருந்துச்சு. அந்தச் சிமெண்டை டாக்டரம்மா எடுத்து வெச்சு அழுத்துனாங்க. தண்ணி ஓரத்துல கொஞ்சம் கசிஞ்சுச்சு, அப்பறம் நின்னுருச்சு.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அர்த்தநாரி மரத்துப் போன வாயைக் கோணலா வெச்சுக்கிட்டு, "ரெண்டு மணி நேரமுங்களா? எனக்குப் பசிக்குதுங்க"ன்னான். துளசிமணி மொகத்தைத் திருப்பிக்கிட்டு ஜன்னலைப் பாத்துச்சு. நான் அலமாரியைத் தொறந்து பிரஷ்ஷை எடுத்து அவன் இடது கைல குடுத்தேன், அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியலை.

உடனே எல்லாம் நல்லாயிருச்சுன்னு சொன்னா நான் பொய்க்காரி. அடுத்த வாரம் மார்க்கு இருபத்திரெண்டு, அதுக்கடுத்த வாரம் இருபது, ஒருக்கா ஏறுச்சு, மறுபடி எறங்குச்சு, மனநல டாக்டருகிட்டத் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிப்போயி மாத்திரையை மாத்துனாங்க, பல்லு வெளக்குனா சட்டையெல்லாம் பேஸ்ட்டு, ஞாயித்துக்கிழமை மகதான் பக்கத்துல நின்னு, "மேல அப்பா, கீழ அப்பா, உள்பக்கம்"னு சொல்லிக் குடுக்கும். மார்க்கைப் பத்தி வெளிய ஒருத்தரும் என்கிட்டக் கேக்கலை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்குவேன். ஊரு மறுபடி ஒம்பது நாளைக்கு ஒருக்கா வர்ற லாரிக்காகக் காத்துக்கிட்டுக் கெடந்துச்சு.

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல லாரி வந்துச்சு. எங்க ஊருல லாரி வர்றதுக்கு முன்னாடியே வரிசைல எடம் புடிக்க ஆளுக்கொரு கல்லு வெச்சுட்டுப் போயிருவாங்க, பாவாயக்கா கல்லு எப்பவும் மொதல்ல இருக்கும், அது கல்லைத் தாண்டி நிக்க ஊருல எவனுக்கும் தைரியம் கெடையாது. அன்னைக்கு இல்லத்துப் பக்கத்து முக்குல இருந்து ஒரு ஆளு வந்தான், இடது கைல கொடம், வலது கை முட்டியால கொடத்தை அணைச்சுக்கிட்டு நேரா வந்து பாவாயக்கா கல்லைக் காலால அந்தண்டை தள்ளிட்டு மொதல்ல நின்னுக்கிட்டான். அர்த்தநாரிதான்.

"ஏய், அது என்ற கல்லு"ன்னுச்சு பாவாயக்கா.

"கல்லு வெச்சா எடமாயிருமா? ஆளு நிக்கோணும். நான் அஞ்சு மணில இருந்து முக்குல நிக்கறேன்."

"கையில்லாதவன்னு எடம் விட்டுருவேன்னு பாத்தியா?"

"எவன் கேட்டான் உங்க எடத்தை? மொதல்ல வந்தவன் மொதல்ல புடிக்கோணும், இது என்ன உங்க மாமனாரு வெச்சுட்டுப் போன வரிசையா?"

வாக்குவாதம் முத்திப் போச்சு. ஆறு மாசம் செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தவன் கழுத்து நரம்பு பொடைக்கக் கத்துனான், கத்தக் கத்த வாயில பேஸ்ட்டு வாசம் அடிச்சுச்சு, கீழ் வரிசைல அடைச்ச பல்லு வெயில்ல பளிச்சுனு தெரிஞ்சுச்சு. பாவாயக்காவும் ஒரு வார்த்தை விட்டுக் குடுக்கலை, அவன் சாதகத்துல இருந்து சமையல் வரைக்கும் இழுத்துச்சு, அவன் பதிலுக்கு அதோட ரெண்டு ஆட்டையும் இழுத்தான். துளசிமணி பதறிப் போயி நடுவுல ஓடப் பாத்துச்சு, நான் அது கையைப் புடிச்சு நிறுத்திக்கிட்டேன். லாரி டிரைவரு தலையை வெளிய நீட்டி, "நேரமாகுதுங்க, யாராச்சும் ரெண்டு பேரையும் வெலக்கி விடுங்க"ன்னாரு. வரிசைல நூத்திச் சொச்சம் பேரு நின்னோம், காலிக் கொடத்தோட, வெயில்ல. எங்கள்ல ஒருத்தரும் வெலக்கி விடலைங்க.